வழி சொல்லி நடக்கிறவள்

“கல்லு. கொஞ்சம் இடது பக்கம். ஆங், அப்படித்தான். இனிமே சமதரை.”

கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே அம்மா இதைச் சொல்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய வலது முழங்கை உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கிறது, ஒரு கை நுழைந்து பற்றிக்கொள்ள இடம் விட்டதுபோல. பின்னால் வருகிறவர் அந்தப் பக்கமாக முந்தப் பார்த்தால் விலாவில் இடி வாங்குவார்.

“அக்கா, எங்க நாலு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் தெரியுது” என்கிறார் வேன்காரர்.

“தெரிஞ்சா சரி. நேத்து சாணியை மிதிச்சது யாரு?”

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராக நடந்து வந்து, நடுவில் முனையைக் கைமாற்றிவிட்டுப் பின்வாங்க வேண்டும். எப்போது நகர்வது என்று ஒருவர் சொன்னால்தான் மடிப்பு நேராக விழும். சொல்வது எப்போதும் அம்மாதான். “இழு. உதறு. வா. குடு.” இயந்திர இரைச்சலைத் தாண்டிப் பழகிய குரல். அங்கே அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். வீட்டிலும் அந்த ரேடியோவை யாரும் அணைத்ததில்லை. கண் தெரிந்த காலத்தில் அப்பா அதற்காகச் சலித்துக்கொள்வார். கண் போனபிறகு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினார்.

சர்க்கரை வியாதி அவர் பார்வையைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. நடுவயதுக்குமேல் கண் இழந்தவர்களுக்கு நடக்கச் சொல்லித்தரும் சிறிய நிலையம் ஒன்று ஊரில் உண்டு. அங்கே அவருக்குக் கோல் பிடிக்கச் சொல்லித்தந்தார்கள், அம்மாவுக்கு முழங்கை கொடுக்கச் சொல்லித்தந்தார்கள். கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. அவர்தான் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் வெளியே, மற்ற நான்கும் உள்ளே. கூட்டிப்போகிறவர் அரை அடி முன்னால் நடக்க வேண்டும். அப்படி அவர்கள் போகாத தெரு இல்லை. போன மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அந்த நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு நெடுநடை என்று சலவைக்கூடச் சுவரில் அறிவிப்பு ஒட்டியபோது, பசை காய்வதற்குள் பெயர் கொடுத்தவள் அம்மா. குழுவுக்கு ஐந்து பேர். ஐவரும் சேர்ந்து எல்லையைத் தொட்டால்தான் அந்தக் குழுவின் நடை கணக்கில் சேரும். துணி வண்டி ஓட்டும் வேன்காரர் தலைவரானார். இஸ்திரி போடும் அக்காவும் பாய்லர்காரரும் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் அகப்படாததால் மகள் வந்தாள். தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்த்துச் சான்று கொடுப்பது அவள் உத்தியோகம். பேச்சு குறைவு. கால்வாய்க் கரையில் நடைப் பயிற்சிக்குப் போகும்போது வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நடப்பாள். பள்ளம் என்று குரல் வரும்போதெல்லாம் அவள் கண் தானாக அந்த முழங்கை இடுக்குக்குப் போகும். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அம்மாவின் இடுப்புப் பையில் இனிப்பு மிட்டாய் தீராது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுப்பதற்காக வைத்திருந்த பழக்கம். இப்போது மேடு வந்தால் எல்லோர் வாயிலும் ஒன்றைத் திணிக்கிறாள். “எனக்கு ஏறித்தான் கெடக்குது, இதுல நீ வேற” என்று இஸ்திரி அக்கா முணுமுணுத்தபடி சப்புவாள்.

மேட்டில் பின்தங்குவதும் அம்மாதான். வேன்காரர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பேசிக்கிட்டே நடந்தா மூச்சு வீணாப் போகுது. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நடந்து பாருங்களேன்.”

“அதுக்கென்னப்பா, மூடிட்டாப் போச்சு.”

மூடினாள். கரை முழுக்க ஐந்து ஜோடிக் காலணிகளின் சத்தம் மட்டும் வந்தது. “என்னவோ கரன்ட் போன வீடு மாதிரி இருக்கு” என்றாள் இஸ்திரி அக்கா. மதகடியில் கரை ஒரு படி இறங்கும். வந்த நாள் முதலாக அம்மா தவறாமல் சொல்லிவந்த படி. அன்று அதில் சமதரையில் வைப்பதுபோலக் காலை வைத்தாள், விழுந்தாள்.

மண்ணில் உட்கார்ந்தபடி, “பாத்துக்கிட்டேதான் வந்தேன். படி இருக்குன்னு யாரும் சொல்லலையே” என்றாள். இஸ்திரி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

கணுக்கால் பன் மாதிரி வீங்கியது. வேன்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவர் தலைவர், ஐந்து பேரைக் கரைசேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “நாள் கிட்ட வந்துடுச்சுக்கா. என் மச்சினன் நல்லா நடப்பான். நீங்க வழியில தண்ணி குடுக்கிற மேசையில இருங்க.”

“உன் மச்சினனுக்கு அந்த நிலையம் எந்தத் தெருவுல இருக்குன்னாவது தெரியுமா?”

அவர் அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தார்.

“வீக்கம் வத்தட்டும். ரயில் மேம்பாலத்துல ஏறி இறங்கிக் காட்டறேன். முடியலன்னா நானே தண்ணி ஊத்தறேன்.”

மேம்பாலத்துக்குப் போகும் அன்று மகள் அம்மாவின் காலில் கட்டுத்துணி சுற்றினாள். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினாள். “நீ தராசுக்கே குறை கண்டுபிடிக்கிறவ. என் காலை விட்டுடும்மா” என்றாள் அம்மா.

மகள் பின்னால் வர, அம்மா பாலத்தில் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். வாய் திறக்கவில்லை. “அக்கா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். பேசிக்கிட்டே ஏறுங்க” என்று கீழிருந்து குரல் கொடுத்தார் வேன்காரர். “மூச்சு போயிடும்ப்பா” என்று மேலிருந்து பதில் வந்தது. அவர் மற்ற இருவரோடும் தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மச்சினன் அழைப்புக்காகக் காத்திருந்தான்.

ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது. முதல் படியின் விளிம்பில் அம்மா நின்றுவிட்டாள். கீழே பார்த்தாள். கால் எழவில்லை.

மகள் அவளைக் கடந்து அரை அடி முன்னால் போய் நின்றாள். தன் முழங்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

அம்மா அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள், கட்டைவிரல் வெளியே, மற்ற நான்கும் உள்ளே.

“படி” என்றாள் மகள். பாதிக் குரல்தான் வந்தது.

“கேக்கல.”

“படிம்மா. கீழ.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள்.

“இன்னொண்ணு. ஓரம் உடைஞ்சிருக்கு, உள்பக்கமா வை. இன்னொண்ணு.” சொல்லச் சொல்ல மகளின் குரல் ஏறியது. எதிரே ஏறிவந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு ரயில் கடந்தபோது அதற்கு மேலே கத்திச் சொன்னாள். ஆளுக்கு ஒரு படியாக, அரை அடி இடைவெளியோடு, இருவரும் இறங்கி வந்தார்கள்.

வேன்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டார். “நாளைக்குக் கால்வாய்க் கரை. அஞ்சு பேரும் வந்துடணும்” என்றார்.

“அதானே பாத்தேன்” என்றாள் இஸ்திரி அக்கா.

“இனிமே சமதரை” என்றாள் மகள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. முழங்கையை விடவும் இல்லை.