புதன்கிழமை இழுப்பு ஓ.பி.

திருவள்ளூரில் குழந்தை மருத்துவ மேற்படிப்பு படித்த காலத்தில், ஒரு நோய் எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி முடியும் என்பதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி.

காரணம், டியூட்டி அட்டவணை. மூச்சிரைப்போடு வரும் குழந்தையை அவசரப் பிரிவில் நான் பார்ப்பேன். தேறியதும் மருந்து எழுதி, புதன்கிழமை மதியம் இழுப்பு ஓ.பி.க்கு வரச் சொல்லி அனுப்புவேன். அதே புதன்கிழமை மதியம்தான் எங்களுக்கு மாடியில் வகுப்பு. ஆஸ்துமா குழந்தைகளைத் தொடர்ந்து கவனிப்பது எப்படி என்று அங்கே திரையில் படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். அந்தக் குழந்தைகள் கீழே இருமுவது ஜன்னல் வழியாகக் கேட்கும். இடைஞ்சலாக இருக்கிறதென்று எங்கள் துறைத் தலைவரான சீஃப் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

ஆக, நான் மறுபடி பார்த்ததெல்லாம் நோய் முற்றி அவசரப் பிரிவுக்கே திரும்பி வந்த குழந்தைகளை மட்டும்தான். குணமான ஒரு குழந்தைகூட என் கண்ணில் படவில்லை. எனக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு டாக்டர் தேடுவதாகக் கேள்விப்பட்டதும், படிப்பை விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா என்று யோசித்தேன். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டவர் மறுநாள் அதே கேட் வழியாக வேலைக்கு வருவார். விரல் எப்படி இருக்கிறது என்றாவது பார்க்கலாம்.

விண்ணப்பம் போடும் முன் ஒரே ஒரு குழந்தையையாவது மறுபடி பார்த்துவிட நினைத்தேன். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்திலிருந்து மூச்சிரைப்போடு வந்து, நான் மருந்து எழுதி அனுப்பிய ஆறு வயதுப் பையன் அவன். அடுத்த புதன்கிழமை அவன் வரவேண்டும். வகுப்புக்குப் பதிலாக ஓ.பி.யில் உட்காரலாமா என்று சீஃபிடம் கேட்டேன்.

"ஆஸ்துமா வகுப்புக்கு வராம ஆஸ்துமாவை எப்படிம்மா கத்துக்குவீங்க?" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை என் தலையில் கட்டிவிட்டுச் சம்மதித்தார்.

புதன்கிழமை யார் யாரோ அனுப்பிய குழந்தைகளெல்லாம் வந்தார்கள். என் பையன் மட்டும் வரவில்லை. ஓ.பி. முடிந்து எல்லோரும் போனபின் அவன் அம்மாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. என் கைராசியைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயத்தில், நல்லதாக எதுவும் தோன்றவில்லை. கடைசியில் அவன் அம்மா எடுத்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"யாரு, டாக்டரம்மாவா? இன்னா ஆச்சு?"

"இன்னிக்கு வரச் சொல்லியிருந்தேனேம்மா. பையன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கு இன்னா, நல்லாக்கீறான். நல்லாக்கீற புள்ளைய இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் இட்டுக்கினு வரணும்? இங்க வலையில எறா மீனு பட்டுக்கினு கீது, கை ஒழியல."

"இன்ஹேலரை நிறுத்திடலையே?"

"நீ சொன்னாப்ல ரெண்டு வேளையும் குடுத்துக்கினுதான் கீறேன்."

பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் கூப்பிட்டார். தூரத்திலிருந்து பதில் வந்தது.

"யம்மோவ், இரு, நாயி என் செருப்பத் தூக்கிக்கினு ஓடுது, புடுங்கிக்கினு வரேன்!"

ஓடிக்கொண்டே, எங்கும் நிறுத்தாமல், அத்தனையையும் ஒரே மூச்சில் கத்தினான். அவசரப் பிரிவில் என்னிடம் தன் பெயரையே இரண்டு தவணையாகச் சொன்ன பையன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"கேட்டியாம்மா?" என்றார் அவன் அம்மா.

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் கூப்பிடுங்கள் என்று பொய் சொன்னேன்.