விளாஸ்தாவின் இடுப்பில் ஒரு குழந்தை

விளாஸ்தா மாரேக்குக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மாவு பிசைகிறவள் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கும்போது மாதா கோயிலை விட்டு வெளியே வந்து நிற்பாள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், அவள் ஊரான டோப்ராவில் மேற்கே போகும் ரயில் வந்து நின்றால், பால் கேன் ஏற்ற வந்ததையே மறந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ரயிலடியில்தான் சிகாகோ ஓவியர் ஒருவர் அவளை வரைந்தார். புதிதாகக் கட்டிய தபால் நிலையத்தின் சுவருக்கு, சர்க்கார் செலவில், அறுவடை விருந்தைப் படமாக்க வந்தவர். கொஞ்ச நேரம் பென்சிலோடு எதிரே நின்றார். பேர்கூடக் கேட்கவில்லை.

மறு வசந்தத்தில் படம் சுவரில் ஏறியது. கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் நீண்ட சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே ஆளுயரத்தில் விளாஸ்தா. அதே மூக்கு, அதே கலைந்த முடி. இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

கல்யாணமாகாத பெண். ஊர் சும்மா இருக்குமா?

"பிள்ளைக்கு என்ன பேரு வெச்சிருக்கே விளாஸ்தா?" என்று தீவனக் கடையில் கேட்டார்கள். "அப்பன் யாரு, அந்த டிராக்டர் பக்கத்துல நிக்கிறானே, அவனா?"

அம்மா போஜேனா தபால் நிலையத்துப் பக்கமே போவதில்லை. "நாலு பேரு முன்னால தலைகாட்ட முடியல. அந்த ஆளு முன்னால நீ எதுக்குடி நின்னே?"

"நான் ரயிலைப் பாத்துட்டு நின்னேம்மா. அவரு என்னைப் பாத்துட்டாரு."

விளாஸ்தா போஸ்ட்மாஸ்டரிடம் போய்க் கெஞ்சினாள். "அந்தக் குழந்தையை மட்டும் அழிச்சிடுங்க சார். பதிலுக்குக் கையில ஒரு தட்டைக் குடுத்துடுங்க."

"சர்க்கார் சொத்தும்மா. நான் கைவெச்சா என் வேலை போயிடும்." அவர் அண்ணாந்து பார்த்தார். "லட்சணமாத்தானே இருக்கு."

அடுத்த வாரமே, வீட்டில் சொல்லாமல், சிகாகோவுக்கு ரயில் ஏறினாள். ஓவியரைத் தேடிக் கண்டுபிடித்தாள். வேறொரு ஊர் தபால் நிலையத்துக்காக நிலக்கரிச் சுரங்கம் வரைந்துகொண்டிருந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கம்மா, நிறைய ஊரு. நீ எந்தப் படம்? குதிரைகிட்ட நிக்கிற பொண்ணா?"

"குழந்தை வெச்சிருக்கிறவ."

"ஓ, அதுவா. அந்த இடம் காலியாத் தெரிஞ்சுது. எதையாவது வைக்கணும்னு வெச்சேன்."

விளாஸ்தா வெளியே வந்தாள். அந்தக் குழந்தையை வைத்து ஊரே அவளை வாயில் போட்டு மென்றது. இவருக்கு அது காலி இடம். ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து, டோப்ரா போகும் ரயிலைப் போகவிட்டாள். அடுத்த ரயிலையும் விட்டாள்.

பிறகு தொப்பித் தொழிற்சாலை, டென்வரில் சலவைக்கூடம், யுத்தகாலத்தில் சியாட்டிலில் விமானத் தகடுகளுக்கு ரிவெட் அடிக்கும் வேலை. எங்கும் நிலைக்கவில்லை. ஒரு கப்பல் சமையல்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் வீடு வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் பிரிந்துவிட்டாள்.

அப்பா இறந்தபோதுதான் ஊருக்கு வந்தாள். தபால்தலை வாங்கப் போனால், அங்கே பெரியப்பா மகள் ஒட்டிலி யாரோ வெளியூர்க்காரர்களுக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள். "அது நான்தான். இடுப்புல இருக்கிறது எங்க பெரியவன்." திரும்பியவள் விளாஸ்தாவைக் கண்டதும் முகம் வெளுத்தாள்.

"உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு ஒட்டிலி," என்றாள் விளாஸ்தா. வெளியே வந்து, தெருமுனை வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அம்மா கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கிளம்புறே?"

"காலையில."

"எந்த ஊருக்கு?"

"இன்னும் தெரியலம்மா."

போஜேனா கையைத் துடைத்தாள். "கோழிங்களை ஒட்டிலிகிட்ட விட்டுடலாம். எனக்கும் சேத்து டிக்கெட் எடு."

விளாஸ்தா கொலாச்சியைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள்.

"என்னடி பாக்குறே? உங்கப்பா இருந்தவரைக்கும் எங்கேயாவது போகலாமான்னு கேக்க முடியல."

மலையா, கடலா என்று சாப்பாட்டு மேஜையில் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் மலை ஜெயித்து, மொன்டானா போய்ச் சேர்ந்தார்கள். பனி உருகுவதற்குள் போஜேனா முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்: "இந்த ஊருல என்னடி இருக்கு? வேற எங்கேயாவது பாரேன்."