எப்போதும்வென்றான் துவரை

போன வாரம் கோவில்பட்டி புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஓட்டலில் சாப்பிட்டேன். எல்லாமே சுற்றுவட்டார விளைச்சல் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். கம்பஞ்சோறு, குதிரைவாலிச் சோறு, மொச்சைக் குழம்பு, மிதுக்கவத்தல் என்று ஒவ்வொன்றாக வந்தது. ருசியாகவே இருந்தது. பருப்பு ஊற்றிய தம்பியிடம் பழக்கதோஷத்தில், "யாரு காட்டுத் துவரை?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "லோக்கல்தான் சார்" என்றார். அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது.

பருப்பிலிருந்து எழுந்த பெருங்காய வாசனை என்னைக் கொண்டுபோய் எஸ்தர் அக்கா மெஸ்ஸில் உட்கார வைத்துவிட்டது. அப்போது நான் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டுக்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன மெஸ். சந்தைக்கு வரும் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்ததில் ஒரு பை அக்காவிடம் கொடுப்பார்கள். அன்றைக்கு அதுதான் சமையல். கொடுத்தவரும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். நாங்கள் அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லுவோம்.

"மொச்சையா, செருப்புத் தோலா அண்ணாச்சி?"

"ஒனக்குப் பல்லு இல்லன்னு சொல்லுடே."

அங்கே மரியாதை என்றால் இதுதான். நன்றாக இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இலையில் மிச்சம் இருக்காது, அவ்வளவுதான்.

எப்போதும்வென்றானிலிருந்து சவரிமுத்து அண்ணாச்சி வருவார். ஊருக்குப் பெயர் அப்படியே தவிர, அவர் காடு ஜெயித்து நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம் மழை பெய்யாமல் கெடுத்தது, அடுத்த வருஷம் பெய்து கெடுத்தது. மனைவி தவறியபின் அவர் தனிக்கட்டை. நிலத்தை விற்றுவிட்டு வந்துவிடும்படி திருப்பூரில் இருந்த மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த வருஷம் துவரை விளைந்தது. ஆனால் அது புது விதை, அதனால் அவருக்கே சந்தேகம். வேகாத பருப்பை எங்கள் பக்கத்தில் யாரும் சீந்தமாட்டார்கள். பையைக் கொடுக்கும்போதே எல்லார் முன்னாலும் அக்காவிடம் சொன்னார்.

"இது வெந்துட்டுன்னா அடுத்த வருசமும் வெதைக்கேன் தாயி. வேகலன்னா மவன்கிட்டப் போயிருதேன்."

பருப்பு வேகவில்லை. அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணாச்சி சோற்றைப் பிசைந்தபடி எங்களையே பார்த்தார். மனுஷன் நிலத்தை விற்காமல் இருக்கட்டுமே என்று லோடுமேன் கணேசன்தான் ஆரம்பித்தார்: "பருப்பு நல்லாருக்கு அண்ணாச்சி." எல்லாரும் ஒத்து ஊதினோம். நான் மறுபடியும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவர் வாயிலும் அதே பருப்புதான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் எழுந்து கையலம்பினார். "நீங்களே நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. இனிமே என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பையில் மீதியிருந்த பருப்பை அக்கா உலையில் போட்டார். வெண்ணெயாக மசிந்தது. முந்தின நாள், பாத்திரம் கழுவ வைத்திருந்த உப்புத் தண்ணீரில் வேகவைத்திருக்கிறார். எங்கள் ஊரில் குழாயில் நல்ல தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. அன்றைக்கு வந்த அமளியில் குடங்கள் இடம் மாறிவிட்டன. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது கோவில்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதை மேல் சந்தேகம் விழுந்த பிறகு தண்ணீரை யார் நினைத்தார்கள்?

அக்கா மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, தூக்குச்சட்டியில் பருப்புச் சோற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காலையிலயே காட்டுக்கு அச்சாரம் வாங்கிட்டாவ."

"சாப்பிட்டாரா?"

"வழிச்சுச் சாப்பிட்டாவ. பூண்டு கூடிப்போச்சு தாயின்னு சொன்னாவ" என்றவர் அழுதுவிட்டார்.

அடுப்படியில் மிச்சமிருந்ததை எடுத்து ருசி பார்த்தேன். பூண்டு சரியாகத்தான் இருந்தது.

இப்போது மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. அண்ணாச்சி திருப்பூரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காடு முழுக்கச் சூரியத் தகடுகள். கரிசல் மண் கண்ணில் படுவதே இல்லை. எங்கே சாப்பிட்டாலும் இப்போது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதைக் கேட்டுப் பயந்துபோக அங்கே ஒருவரும் இல்லை.