ராஜாவும் இரண்டு பிணங்களும் குடியிருந்த வீடு

வெள்ளவத்தையில் எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஏழு வருடமாக ஒரே நாடகத்தை எழுதியவர் பெரிய நாடகாசிரியர். பேப்பர்காரர் அப்படித்தான் எழுதினார்களாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே நம்பினேன். நான் கண்டது, அவர் எழுதியதைக் கிழிப்பதும், கிழித்ததற்கு அழுவதும், அழுதுவிட்டுத் தேத்தண்ணி கேட்பதும்தான். மனைவி விட்டுப் போனதற்கும் நித்திரை வராததற்கும் கடல்காற்றில்தான் குற்றம் சொல்லுவார். அந்தக் காற்றுக்கு எங்கள் ஜன்னல் கம்பியே துருப்பிடித்தது, மனுசன் எம்மாத்திரம்.

வசனத்தை உரத்துச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவார். அவர் அறைக்கும் என் சமையலறைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர். மீன் வெட்டிக்கொண்டே கேட்டுக் கேட்டு, ராஜாவின் புலம்பலோடு முழு நாடகமும் எனக்குப் பாடமாகிவிட்டது. காதுக்குக் கதவில்லையே.

வடக்கில் சண்டை நடந்த காலம். தமிழர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து அந்தத் தாளை வைத்திருக்க வேண்டும். நான் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தேன். பத்திரமான இடம் என்று அவரும் தன் தாளொன்றை அங்கேயே செருகியிருக்கிறார். ஒரு காலை பொலிஸ் வந்தது. பேர்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அதை விரல் வைத்து வரி வரியாக வாசித்தார்.

"அம்மா, ராஜா ஒண்டு, சேவகர் நாலு, பிணம் ரெண்டு எண்டு இருக்கு. பிணம் எங்க?"

மூன்று மணிநேர நாடகம் எழுதுகிறவர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான்தான் மீன்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இது நாடகத்தில் வருகிற ஆக்களின் பேர் என்று சொல்லி, ராஜாவின் புலம்பலை ஒப்புவித்தேன். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அவரைப் பிடிக்காமல் விட்டார்கள். மேலதிகாரி பார்க்க வேண்டுமென்று அவர் நாடகம் எழுதிய கொப்பிகளை மட்டும் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். அவை திரும்பி வரவேயில்லை.

இனி எழுதமாட்டேன் என்று அவர் இரண்டு நாள் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. தாளை மாறிக் கொடுத்தவள் நான். மூன்றாம் நாள் கதவைத் தட்டினேன்.

"தம்பி, பேனையை எடுங்கோ. நான் சொல்லுறன்."

பத்து நாள் சொன்னேன். மறந்த இடங்களில், என் வீட்டுக்காரரை நான் ஏசுகிற ஏச்சைப் போட்டு நிரப்பினேன். பெரிய நாடகாசிரியருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நாடகம் மேடையேறியது. "ஊரை ஆளுறதுக்கு முதல் உன்ர இடுப்புச் சாரத்தை ஒழுங்காக் கட்டு" என்று ராணி ராஜாவுக்குச் சொன்ன இடத்தில் சனம் எழும்பி நின்று கைதட்டியது. அந்த ஒரு வரிக்காக ஏழு வருடம் தவமிருந்ததாக அவர் பேப்பர்காரரிடம் சொல்லியிருந்தார். என் மகள் பேப்பரை வாசித்துக் காட்டினாள். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.