குங்குமம் கொட்டாத வண்டி

சேஷனுக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம். குழாயை மூடினால் வாஷர் அழும். ஆபீசில் பேனா பிடித்தால் அடியில் இருக்கும் தாளிலும் அதே குறிப்பு தடமாகப் பதிந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு டில்லி வந்து, கோல் மார்க்கெட்டில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ் வாங்குகிற வரைக்கும் அந்தப் பிடிவாதம்தான் தன்னைக் கரை சேர்த்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார். கொஞ்சம் தளர விட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்பது அவர் கட்சி.

எண்பத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் அவர் மனைவி காமாக்ஷி மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனவள், படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. உள் அறைக் கட்டிலிலேயே எல்லாம். சேஷன் லீவு போட்டுச் சமைத்தார், துடைத்தார், பெட்பேனை எடுத்தார். அதற்கெல்லாம் அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவள் பேச்சுதான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பச் சொன்னாள். "இந்தக் கோலத்தில யார் கண்ணிலயும் படமாட்டேன்" என்பதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை.

நவராத்திரி வந்தது. கொலு வேண்டாம் என்றாள். கல்யாணமான நாள் முதல் ஒரு வருஷம் கூடத் தவறாத கொலு.

"வெக்கறதை நான் வெச்சுடறேன். நீ சொல்லு, போறும்."

"வெச்சா நாலு பேர் வருவா. வர்றவாளுக்குக் குங்குமம் யார் குடுப்பா? நீங்களா?"

வீட்டில் வேறு பெண் கிடையாது. ஒரே பிள்ளை கரக்பூரில் என்ஜினீயரிங் கடைசி வருஷம். ஆண்பிள்ளை தட்டை நீட்டினால் எந்த மாமி குங்குமம் எடுத்துக்கொள்வாள்?

அப்போதுதான் அலமாரி மேலிருந்த வண்டி அவர் கண்ணில் பட்டது. துபாயிலிருந்து மைத்துனன் வைத்தி கொண்டுவந்தது. மருமான் மீசை முளைத்து காலேஜ் போய்விட்டான் என்பது வைத்தியின் மண்டையில் ஏறவே இல்லை. ஆளுயரப் பையனுக்கு ரிமோட் வண்டி. குட்டி லாரி உடம்பு, அதற்குப் பொருந்தாமல் பூசணிக்காய் மாதிரி நாலு சக்கரம். மான்ஸ்டர் டிரக்காம். காமாக்ஷி கட்டிலில் இருந்தபடி ரிமோட்டை இயக்கினால், தாம்பூலம் உள் அறையிலிருந்து கூடத்துக்குப் போகும். அவள் கொடுத்ததாகவும் இருக்கும், அவளை யாரும் பார்த்ததாகவும் இருக்காது. சேஷனுக்குத் தன் மூளையைத் தானே தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

காமாக்ஷி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அச்சா, பாக்கலாம்" என்றாள். அந்த மட்டுக்கும் கொலு வைக்க உத்தரவு கிடைத்தது.

பெரிய சக்கரம் என்பதால் வண்டி அறை வாசற்படியை அலட்சியமாகத் தாண்டியது. தாண்டியவுடன், கட்டிலிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற கடைசி மூலையில், வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் வம்பு. திரும்பியதும் தொம்மென்று சாய்ந்தது. தட்டில் குங்குமத்துக்குப் பதிலாக வைத்திருந்த கோதுமை மாவு தரையெல்லாம் கொட்டியது. மாவு கொட்டினால் துடைக்கலாம். நவராத்திரியில் குங்குமம் கொட்டினால், ஏற்கனவே நொந்து கிடக்கிறவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்?

கனம் போதவில்லை என்று தட்டின் மேல் ஒரு எடைக்கல்லை வைத்தார். வண்டி முன்னைவிடச் சீக்கிரம் விழுந்தது. தலை கனத்தால் ஆடத்தானே செய்யும் என்று புரிந்து, கல்லை எடுத்துவிட்டு, இரண்டு பழைய பூட்டுகளை வண்டியின் வயிற்றுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே கட்டினார். கொஞ்சம் தேவலை. ஸ்பிரிங் அதிகம் அமுங்கி உடம்பு சாய்கிறது என்று, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டி இடுக்கில் திணித்தார். இன்னும் கொஞ்சம் தேவலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சேஷனாயிற்றே! சக்கரம் தரையை இறுகப் பிடித்தால் வண்டி ஏன் விழப்போகிறது என்று, சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி டயர்மேல் மாட்டினார். வண்டி திருப்பத்தில் கரணம் அடித்து, நாலு சக்கரமும் ஆகாயத்தில் சுழல மல்லாந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவர் மூலையில் குந்தி உட்கார்ந்து, விழுந்தால் தாங்க உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"கையை எடுங்கோன்னா. வண்டி தெரியலை" என்றாள் காமாக்ஷி.

"விழுந்துடும்டீ."

"நீங்க ரப்பர் போட்டதாலதான் விழறது. சக்கரம் தரையை விடமாட்டேங்கறது, மேல் பாதி மட்டும் போயிண்டே இருக்கு. பஸ் திரும்பறச்சே காலை ஊணிண்டு வெறைப்பா நின்னா விழமாட்டோமா? கொஞ்சம் வழுக்கட்டுமே!"

வழுக்கி விழுந்து கட்டிலில் கிடக்கிறவள் சொல்கிறாள், வழுக்கட்டும் என்று. சேஷனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் டியூபைக் கழற்றினார். அவளுக்காக வாங்கி வைத்திருந்த மருந்துக்கடைப் பிளாஸ்திரியை டயரைச் சுற்றி வழவழவென்று ஒட்டினார். காமாக்ஷி திருப்பத்துக்கு முன்பே விசையைத் தளர்த்தினாள். வண்டி பின்பக்கம் லேசாகச் சறுக்கி, அழகாக வளைந்து, கூடத்துக்குள் போனது. மாவு அசையக்கூட இல்லை.

அன்று மாலை முதலில் வந்தது பக்கத்து பிளாக் விஜயலக்ஷ்மி மாமி. எழுபதைத் தாண்டியவள், பின்னால் இரண்டு மருமகள்கள். சேஷன் கிண்டிய சுண்டலில் உப்பு தூக்கல் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வண்டி கிர்ரென்று வந்து, திரும்பி, அவள் காலடியில் நின்றது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்தது வைத்தபடி. மருமகள்கள் கைதட்டினார்கள்.

மாமி மட்டும் கையை நீட்டவில்லை. உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "காமாக்ஷி, வண்டி கையால நான் தாம்பூலம் வாங்கிக்கப்படாதுடீ. சுமங்கலி நீ இருக்கே. உன் கையால குடுத்தா எடுத்துக்கறேன்."

சேஷனுக்கு முகம் செத்துவிட்டது. சாய்கிறதா, சறுக்குகிறதா என்று மாய்ந்து மாய்ந்து பார்த்தவருக்கு, கை என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. இனி அவள் கொலுவையே கலைக்கச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தார்.

"மாமி, அவ யாரையும் உள்ளே..." என்று தடுமாறி ஆரம்பித்தார்.

வண்டி மெல்லப் பின்வாங்கியது. திரும்பி அறை வாசல் வரை போய் நின்றது. மறுபடி மாமியிடம் வந்தது. மறுபடி வாசலுக்குப் போய், அங்கேயே காத்துக்கொண்டு நின்றது.

"நீங்க சும்மா இருங்கோன்னா" என்று காமாக்ஷியின் குரல் கேட்டது. கரகரத்திருந்தது. "மாமி, அது பின்னாடியே வாங்கோ. தலைகூட வாரிக்கலை. பரவால்லையா?"

"எனக்குப் பல்லே இல்லைடீ. நான் வரலையா?"

மூவரும் உள்ளே போனார்கள். சேஷன் கூடத்தில் பொம்மைகளோடு தனியாக நின்றார். உள்ளே முதலில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு காமாக்ஷி சிரித்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசல் மணி அடித்தது. அடுத்தவர்கள். அவர்களை அழைத்துப் போக உள் அறையிலிருந்து வண்டி வேகமாக வந்தது. படி தாண்டி, மூலையில் சாய்கிற மாதிரி சாய்ந்து சறுக்கியது. சேஷன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையை நீட்டவில்லை.