அக்காவுக்காகச் சொல்லிவைத்த டீ

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆபீசில் என்னை நாத்திகன் என்பார்கள். நாத்திகனும் இல்லை, எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபத்து நாலோ ஐந்தோ, மார்கழி மாதம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன், பாங்க்கில் வேலை. திருநெல்வேலியிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அத்தான் அவளையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவர், நாலு கடிதம் போட்டார், அப்புறம் ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷம். இருக்கிறாரா போய்விட்டாரா தெரியாது, அக்காவும் பொட்டை அழிக்கவில்லை. இப்போது அந்தக் குழந்தைக்கே தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டார்கள். அதை முடிவு பண்ணத்தான் வந்தாள். ஒரு வாரம் தெருத்தெருவாக அலைந்தோம். பழைய விலாசத்தில் ஒரு மருந்துக்கடை இருந்தது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, "இந்த ஊரையாவது பாத்துட்டுப் போறேன், விடியுமுன்ன கூட்டிட்டுப் போல" என்றாள்.

"இந்தக் குளிர்லயா? பத்து மணிக்குப் போனா ஊரு ஓடியா போயிரும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"கூட்டம் வந்துட்டா நான் ஊரப் பாக்க மாட்டேம்ல. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டு நிப்பேன்."

முதல் டிராமைப் பிடித்தோம். எங்களையும் கண்டக்டரையும் தவிர வண்டியில் ஒரு ஈ காக்கை கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். மைதானம் முழுக்கப் பனி, புல்லும் தெரியவில்லை, தண்டவாளமும் தெரியவில்லை, டிராம் தரையில் ஓடுகிற மாதிரியே இல்லை. விக்டோரியா மெமோரியலுக்குக் கீழ்ப்பாதி இல்லை, மேலே வெள்ளைக் கும்மட்டம் மட்டும் நின்றது. எங்கோ ஆட்டு மந்தையின் மணிச் சத்தம். அக்கா ஜன்னலைப் பார்க்காமல் எதிரே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஊர் பிடித்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்பிளனேடில் இறங்கி கங்கைக் கரை பாபுகாட் வரைக்கும் நடந்தோம். படித்துறைக்கு மேலே ஒரே ஒரு டீக்காரன். நாங்கள் போய் நிற்பதற்குள் ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு டீயை உயர்த்தி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தான். கல்கத்தாவில் யாரும் டீயை ஆற்றி நான் பார்த்ததில்லை, கெட்டிலிலிருந்து நேரே மண்குவளையில் ஊற்றி நீட்டுவதோடு சரி. நாங்கள் வாயே திறக்கவில்லை, "தீதி, இந்தாங்க" என்று, அக்கா முறை வைத்து அவளிடமே கொடுத்தான்.

யார் சொன்னது என்று வங்காளத்தில் கேட்டேன்.

"ஒருத்தர் சொல்லிட்டுப் போனார் அண்ணா. என் சம்சாரமும் மச்சினனும் வருவாங்க, அவ சூடா குடிக்க மாட்டா, இப்படி ஆத்திக் குடுன்னு கையால செஞ்சு காட்டினார். தலை நரைச்ச மனுஷர், கண்ணாடி போட்டவர். இப்பதான் படி இறங்கினார்."

விழுந்தடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். இரண்டு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும் பீகார்க்காரர்கள். மற்றபடி பனியும் தண்ணீரும்தான். உயிரோடு இருந்துகொண்டு, பெண்டாட்டிக்கு டீயைச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்கிறவன் மனுஷனா? பேயாகவே இருக்கட்டும் சாமி என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. "என்னல சொல்லுதான்?" என்றாள்.

நான் பொய் சொன்னேன். "அத்தான் வந்து சொல்லிட்டுப் போனாகளாம். சின்ன வயசாம், இருபத்தஞ்சுதான் இருக்குமாம்." பதினெட்டு வருஷத்தில் வயசே ஏறவில்லை என்றால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று அவளே புரிந்துகொண்டு நிம்மதியாகட்டும் என்றுதான்.

அக்கா பதறவில்லை. டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"தெரியும்ல. டிராம்ல நமக்கு எதுக்கதான உக்காந்துட்டு வந்தாவ. தலையில ஒரு நரை இல்ல, போனப்ப இருந்த மாதிரியே இருக்காவ." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒத்தச் செருப்ப எதுக்குக் கையில புடிச்சுக்கிட்டு இருந்தாவ?" என்றாள்.

நான் டீக்காரனைத் திரும்பிப் பார்த்தேன். வார் அறுந்த செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடிதான் அந்த மனுஷர் நின்றார் என்று டீக்காரனும் சொல்லியிருந்தான். அதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் சூரியன் எழும்பி, அக்கரையில் ஹவுரா பக்கத்துப் புகைபோக்கிகள் சிவந்தன. அக்கா படியிறங்கி, சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து, தானே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "பத்திரிகையில காலஞ்சென்றன்னே போட்ருல" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்காவும் போன வருஷம் போய்விட்டாள், கடைசி வரைக்கும் நெற்றியில் வெறும் திருநீறுதான். நான் சொன்ன பொய்யை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பார்த்தது கறுத்த தலை, டீக்காரன் பார்த்தது நரைத்த தலை, செருப்பு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றேதான். செத்தவருக்குத் தலை நரைக்குமா, நீங்களே சொல்லுங்கள். டீக்காரன் கண்டதுதான் நிஜம் என்றால், அக்கா பொட்டை அழித்தபோது அத்தான் அந்தப் படித்துறையில்தான் எங்கேயோ பனிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.