எழுந்திருக்க முடியாத இருபத்து மூன்று நிமிடங்கள்

அவளுக்கு வேலையிடத்தில் நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. விமானக் கட்டுப்பாட்டு அறையில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இறங்க வரும் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைக்குக் கொண்டுவருவது பதினாறு வருஷமாக அவள் வேலை. இடி மின்னலில் பத்து விமானங்கள் ஒரே நேரத்தில் வழி கேட்டாலும், மளிகைக் கடையில் சாமான் சொல்வது போல அலுங்காமல் பதில் சொல்வாள். முகமே பார்த்திராத விமானிகள்கூட அந்தக் குரல் கேட்டால் கொஞ்சம் ஆசுவாசப்படுவார்கள் என்று பேச்சு. வீட்டில் அதற்கு வேறு மரியாதை. "உங்கம்மா திட்டுறாளா கொஞ்சுறாளான்னு எனக்கே இன்னும் பிடிபடல" என்று மருந்துக் கடை வைத்திருக்கும் கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய ஷிப்டுக்கு மூன்று பேர்தான். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் புறப்படும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை மாற்றிவிட வேண்டியவர், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கண், காது பரிசோதனைக்காக வளாகத்தின் மறுகோடிக்குப் போயிருந்தார்.

"அரை மணியில வந்துருவார்மா. சமாளிச்சுக்கோ" என்றார் மேற்பார்வையாளர்.

"சரி சார்" என்றாள். பதினாறு வருஷமாக அவள் சொல்லிப் பழகிய பதில் அது.

பிற்பகல் மூன்றே கால். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நிலத்தைப் படம் பிடிக்கும் சிறிய சர்வே விமானம் ஒன்று பத்தாயிரம் அடி உயரத்தில், இஸ்திரிப் பெட்டி ஓடுவது போல இப்படியும் அப்படியுமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அதில் விமானியும் படம் பிடிப்பவரும் மட்டும். அதன் பாதைக்கு மேலே நூற்று நாற்பத்தெட்டு பயணிகளோடு ஒரு பெரிய விமானம் இறங்கி வந்தது. அதைப் பதினோராயிரம் அடியில் நிறுத்தச் சொன்னாள். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் அடி இருந்தால் போதும்.

உயரத்தை இலக்கம் இலக்கமாகச் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். "ஒன்று ஒன்று ஆயிரம்" என்றாள். கேட்ட விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது சரிதானா என்று அவள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விமானி, "ஒன்று பூஜ்யம் ஆயிரம்" என்றான். அதே நொடியில் சர்வே விமானம் குறுக்கே பேசியது. அவள் அதற்குப் பதில் சொல்லத் திரும்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

திரையில் இரண்டு புள்ளிகளும் சிவப்பானபோது, பெரிய விமானம் பதினோராயிரத்தைத் தாண்டிக் கீழே வந்துவிட்டிருந்தது. "உடனே வலது பக்கம் திரும்புங்கள்" என்றாள். அதற்குள் விமானத்தின் எச்சரிக்கைக் கருவியே விமானியை மேலே ஏறச் சொல்லிவிட்டது. விமானி அதை அறிவித்தான். அந்த அறிவிப்பு வந்தபிறகு அவர்கள் போக்கை மாற்றும்படி கட்டுப்பாட்டு அறை எதுவும் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வந்தால் விமானி குழம்பிவிடுவான் என்பதால் அப்படி விதி. அவள் வாயை மூடிக்கொண்டாள். ரேடார் நான்கு நொடிக்கு ஒருமுறைதான் புதுப் படம் காட்டும். ஒரு படத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த படத்தில் ஒரே புள்ளி.

அந்த நான்கு நொடிகளை அவள் பின்னால் யாரிடமும் விவரித்ததில்லை.

பிறகு புள்ளி இரண்டாகப் பிரிந்தது. முந்நூறு அடி இடைவெளியில் கடந்திருந்தார்கள். விமானம் குலுங்கி ஏறியதில் ஒரு பணிப்பெண்ணுக்குக் கணுக்கால் முறிந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒன்று நடந்தால், பணியில் இருந்தவரை உடனே இருக்கையைவிட்டு எழுப்ப வேண்டும். ஆனால் எழுப்பிவிட்டு யாரை உட்கார வைப்பது? மேற்பார்வையாளரின் ரேடார் உரிமம் காலாவதியாகி இரண்டு வருஷம். அவர் அவள் பின்னால் வந்து நின்றார், போனில் யாரிடமோ கத்தினார், குனிந்து கெஞ்சினார்.

"ஆள் வந்துட்டே இருக்கார்மா. கொஞ்சம் தாங்கிக்கோ."

திரையில் இன்னும் ஏழு விமானங்கள் இருந்தன. அவற்றுக்கு எதுவும் தெரியாது. ஒன்று புதிதாக எல்லைக்குள் வந்து வணக்கம் சொன்னது. அவளும் வணக்கம் சொல்லி உயரம் கொடுத்தாள். அதே குரல். காதில் மாட்டிய ஹெட்செட்டின் வயர் அவளை மேசையோடு கட்டிப்போட்டிருந்தது. அழ முடியாது, அழுதால் குரல் கெடும். நடுங்க முடியாது, வலது கைக்கு எழுதும் வேலை இருந்தது. இடது கையை மேசைக்கு அடியில் கொடுத்து இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன் தப்பிய விமானத்தையும் அவள்தான் ஓடுபாதை வரை கூட்டிவர வேண்டியிருந்தது. அந்த விமானியும் அவளும், ஒன்றுமே நடக்காதது போல, எண்களை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

இருபத்து மூன்றாவது நிமிடம் மாற்று ஆள் மூச்சு வாங்க ஓடிவந்தார். அவள் எழுந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள்.

அன்று மாலை கணவர்தான் அவள் இடது கையைப் பார்த்தார். மோதிர விரலின் நகம் பாதிக்கு மேல் பிய்ந்திருந்தது.

"வலிக்கலையா?"

"இப்பத்தான் தெரியுது" என்றாள்.

விமானிகளின் பேச்சைப் பிடித்துச் சேமிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த யாரோ, நான்காம் நாள் அந்தப் பதிவை இணையத்தில் ஊருக்கெல்லாம் கேட்கும்படி போட்டுவிட்டார்கள். செத்துப் பிழைத்தவர்களைப் பற்றிக் கவலையே இல்லாமல், பஸ் நேரம் சொல்வது போலப் பேசுகிறாளே, இவள் பெண்ணா கல்லா என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். மகளின் வகுப்பிலும் அது கைக்குக் கை போயிற்று. பதினைந்து வயதுப் பெண் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நீ பயப்படவே இல்லையாம்மா?"

நிதானம் அடுப்பை அணைத்தாள். சொல்ல வாயெடுத்தால் வரப்போவதும் அந்தப் பாழாய்ப்போன குரல்தான் என்று அவளுக்குத் தெரியும். கட்டுப் போட்ட விரலை நீட்டினாள்.

"இதெல்லாம் பதிவுல வராதுடி."

மகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பை அவள் தோளிலேயே இருந்தது.

விசாரணை ஆறு வாரம் கழித்து நடந்தது. வெளியே நடைபாதையில் எதிர் பெஞ்சில் ஒரு இளைஞன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி உட்கார்ந்திருந்தான். எண்ணைத் தவறாகத் திருப்பிச் சொன்ன விமானி அவன்தான். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். எடுத்துக் குடித்தான்.

விசாரணை அதிகாரி நல்லவர். ஒலிப்பதிவை மூன்று முறை ஓடவிட்டார்.

"ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. தெளிவா கேக்கலைன்னு சொன்னீங்கன்னா எழுதிக்கறேன். பொய்னும் யாரும் சொல்ல முடியாது."

கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே போயிருக்கலாம்.

"கேட்டுது சார்" என்றாள். "'பூஜ்யம்'னு காதுல விழுந்துச்சு. ஆனா நான் எதிர்பார்த்தது 'ஒன்று'. எதிர்பார்த்ததையே கேட்ட மாதிரி எடுத்துக்கிட்டேன். அவர் தப்பா சொன்னார், நான் விட்டுட்டேன். ரெண்டும் உண்மை."

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி திறந்து எழுதினார்.

நான்கு மாதம் ரேடார் பக்கம் போகக் கூடாது என்று தீர்ப்பு. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஆவண அறையில் பழைய காகிதங்களை மாதவாரியாக அடுக்கினாள். கட்டுப்பாட்டு அறை நேர் மேலே. நாற்காலிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கூரை வழியே இறங்கும். எந்தச் சத்தம் எந்த மேசையுடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால் அங்கும் நிம்மதியில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேராகத்தான் விமானங்கள் இறங்கும். ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும். திறந்தால் விமானங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

"விட்டுடேன்" என்றார் கணவர். "கடையில வந்து உக்காரு. ரெண்டு பேரா பாத்துக்கலாம்."

"அங்க வந்து நான் என்னங்க செய்யப் போறேன்? வர்றவங்களை இருமல் மருந்துப் பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். உங்க வியாபாரம் படுத்துரும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த அறைக்கு வெளியே நான் ஒண்ணுக்கும் உதவாத ஆளுங்க. வேற எதுவும் கத்துக்கல. சரி, வேலையை விட்டுர்றேன்னே வையுங்க. அந்த நாலு செகண்டு என்னை விட்டுருமா?"

 அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

உரிமத்தைத் திரும்ப வாங்க வைத்த முதல் தேர்வில் அவள் தோற்றாள். ஒவ்வொரு விமானியையும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்ததில், பயிற்சித் திரையின் கற்பனை வானத்தில் விமானங்கள் தேங்கி நின்றன. ஒரு மாதம் கழித்து இரண்டாவது தேர்வில் ஒரே முறை கேட்டாள். கேட்டதைப் பென்சிலால் எழுதி, எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். அரை நொடி தாமதம். பரவாயில்லை என்றார் தேர்வாளர்.

விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மாற்று ஆள் இல்லாமல் ஷிப்டைத் தொடங்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பத்திரிகைகள் அதைப் போடவில்லை. திரும்பிப் போன இரண்டாம் வாரமே மறுபடியும் ஒருவர் குறைந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்மா" என்று ஆரம்பித்தார் மேற்பார்வையாளர். "கொஞ்சம் சமாளி…"

நிதானம் ஹெட்செட்டை மேசைமேல் வைத்தாள்.

"முடியாது சார். ஆள் வரட்டும். வந்தப்புறம் உக்கார்றேன்."

சத்தமாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. புறப்படும் விமானங்களைப் பார்ப்பவர் திரும்பிப் பார்த்தார்.  மேற்பார்வையாளர் போனை எடுத்து, விடுப்பில் இருந்தவரின் வீட்டு எண்ணைத் தேடினார். அந்த மனிதர் திட்டிக்கொண்டே வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை இறங்கும் விமானங்களைப் பக்கத்து ஊர்க் கட்டுப்பாட்டு மையம் பார்த்துக்கொண்டது. மூன்று விமானங்கள் தாமதமாக இறங்கின. அவள் சுவரோரம் நின்றபடி அந்த நாற்பது நிமிடமும் காத்திருந்தாள்.